நான் குதிக்கலை, கார்தான் ஓட்டினேன் – நேஷனல் பார்க் பேஸ் ஜம்ப், ரேஞ்சர் டிக்கெட், அடுத்து என்ன?

பாதிவழிப்பயணி
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், முதல் தடவையா எழுதறேன். மேட்டர் இதுதான். அமெரிக்கால மேற்குப் பக்கம் ஒரு நேஷனல் பார்க், பேர் வேண்டாமே. என் ரூம்மேட் பேஸ் ஜம்பர், அதாவது பாறை, பாலம் மாதிரி இடத்துல இருந்து பாராசூட்டோட குதிக்கறவன். ரெண்டு வருஷமா ஐடஹோ பாலத்துல குதிச்சுப் பழகினவன். விடியக்காலைல மேல இருந்து குதிக்கறேன், நீ கீழ புல்வெளி ஓரமா காரோட நில்லு, இறங்கினதும் கிளம்பிடலாம்னான். நானும் மண்டைய ஆட்டிட்டேன். குதிச்சான், கேனபி (பாராசூட் துணி) விரிஞ்சுது, அந்த சத்தம் இருக்கே, பெட்ஷீட்டை ரெண்டு பேர் பிடிச்சு உதறின மாதிரி பட்டுனு, பாறை முழுக்க எதிரொலி. அவன் இறங்கி துணிய சுருட்டறதுக்குள்ள ரேஞ்சர் (பார்க் காவல் அதிகாரி) வண்டி வந்திடுச்சு. ரிக்கை, அதான் பாராசூட், அதோட பை எல்லாம் சேந்த செட்டை, அப்படியே வாங்கி பெரிய பையில போட்டு டேக் கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவனுக்கு டிக்கெட், எனக்கும் ஒரு டிக்கெட். ரெண்டுலயும் கோர்ட்டுக்கு கண்டிப்பா வரணும்னு பெட்டில டிக் அடிச்சிருக்கு.

என் கேள்வி, நான் குதிக்கவே இல்லையே, எனக்கு எதுக்கு டிக்கெட்? ஃபைன் கட்டிட்டு முடிச்சுக்க முடியாதா? நான் எச்1பி-ல இருக்கேன், தூக்கமே வரலை.

மொட்டமாடி
பார்க் பேர் வேண்டாம்னுட்டு பாறை எதிரொலி வரைக்கும் எழுதிட்டியே தல 😂

பொடிநடை
ஸாரி, எனக்கு பரிதாபமே வரலை. போர்டு போட்டிருக்கு, வெப்சைட்ல போட்டிருக்கு, எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் குடும்பத்தோட ட்ரெக்கிங் போறோம், நாங்க பெர்மிட்டுக்கு லாட்டரில பேர் போட்டு கிடைக்காம திரும்பி வர்றோம், உங்க ஆளு ஒருத்தன் மட்டும் மேல இருந்து விழுவான், நீங்க கார்ல அள்ளிட்டுப் போவீங்க.

கறுப்புக்கோட்டு
தம்பி, முதல்ல பதறாதே. நான் பொதுவா சட்டம் என்ன சொல்லுதுன்னு சொல்றேன், உன் கேஸுக்கு அங்க ஃபெடரல் கோர்ட்ல ஆஜராகற வக்கீல் கண்டிப்பா வேணும்.

உன் ரூம்மேட் டிக்கெட்ல 36 சிஎஃப்ஆர் (ஃபெடரல் விதித் தொகுப்பு) 2.17(ஏ)(3)னு ஒரு நம்பர் இருக்கும் பாரு. அந்த விதில "பேஸ் ஜம்ப்"ங்கற வார்த்தையே கிடையாது. பாராசூட், ஹெலிகாப்டர், இல்ல வேற வான்வழி எதுலயாவது ஆளையோ பொருளையோ பார்க்குக்குள்ள கொண்டு வந்து இறக்கறதோ எடுத்துட்டுப் போறதோ கூடாது, அவசரமா இருந்தாலோ பெர்மிட் இருந்தாலோ ஒழியனுதான் இருக்கு. பேரே "ஏரியல் டெலிவரி".

தண்டனை உச்சபட்சம் ஆறு மாசம் ஜெயில், 5,000 டாலர் ஃபைன். ப்ரொபேஷன் (ஜெயிலுக்கு வெளிய கோர்ட் கண்காணிப்புல இருக்கறது) அஞ்சு வருஷம் வரைக்கும் போடலாம். இது கிளாஸ் பி மிஸ்டிமீனர், பெட்டி அஃபென்ஸ்னு சொல்ற சின்னக் குத்த வகை, அதனால ஜூரி கிடையாது, மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் ஒருத்தரே விசாரிச்சு தீர்ப்பு சொல்லிடுவார். பார்க்கிங் டிக்கெட் மாதிரி தபால்ல செக் அனுப்பி முடிக்கற சமாச்சாரம் இல்லை, அதான் "கண்டிப்பா வரணும்" டிக்.

உனக்கு எதுக்குன்னா, ஃபெடரல் சட்டத்துல தலைப்பு 18, செக்‌ஷன் 2. குத்தத்துக்கு துணை போனவனும் அதையே பண்ணினவன் மாதிரிதான். நீ குதிச்சியா இல்லையாங்கறது கேள்வியே இல்லை. ஆனா உன் டிக்கெட்ல என்ன நம்பர் போட்டிருக்காங்கனு பாத்து சொல்லு, அதுதான் முக்கியம்.

காத்தாடி
ஜம்பர் சைட்ல இருந்து ரெண்டு வார்த்தை. நான் 11 வருஷமா குதிக்கறேன், பார்க்ல குதிச்சதில்லை (ஆமா, நம்பறவங்க நம்புங்க). இந்த "டெலிவரி" விதியோட கதை எங்க ஆளுங்க எல்லாருக்கும் மனப்பாடம். பாராசூட்ல குதிக்கறவன் தன்னைத்தானே டெலிவரி பண்ணிக்கிறானா, நான் என்ன பார்சலானு கோர்ட்லயே கேட்டுப் பாத்தாச்சு. லேக் பவல் இருக்கே, கிளென் கேன்யன் பக்கம், அந்த ஏரி யூட்டாலயும் இருக்கு அரிசோனாலயும் இருக்கு, அதனால ரெண்டு தனித்தனி அப்பீல் கோர்ட்டுக்கு ரெண்டு கேஸ் போச்சு. யூட்டா பக்கம் கீழ்க்கோர்ட்ல ஜம்பருங்களுக்கு சாதகமா வந்ததை 1997ல பத்தாவது சர்க்யூட் கவுத்திடுச்சு. 2000த்துல ஒன்பதாவது சர்க்யூட்டும் பாறைல இருந்து குதிக்கறதும் இந்த விதிக்குள்ளதான்னு சொல்லிடுச்சு. யோசெமிட்டி பார்க் இருக்கிற கலிஃபோர்னியா அந்த ஒன்பதாவதுக்குக் கீழதான் வருது. அதனால "விதில பேஸ் ஜம்ப்னு இல்லையே"னு இனிமே யாராவது ஐடியா குடுத்தா காதுல வாங்காதீங்க, அந்த கதவு சாத்தி 25 வருஷமாச்சு.

ஆனா ஒண்ணு, மொத்தமா தடைனு சொல்றதும் சரியில்லை. பார்க் சர்வீஸோட 2006 மேனேஜ்மெண்ட் பாலிசிலயே இருக்கு, திட்டமிடல்ல பொருத்தம்னு முடிவானா பெர்மிட் குடுக்கலாம்னு. குடுக்கறதுதான் அபூர்வம், அவ்வளவுதான்.

ராக்கோழி
குடுத்தாங்களே ஒரு தடவை. 1980ல யோசெமிட்டில இருக்கற எல் கேப்பிட்டன் பாறைல சட்டபூர்வமா பெர்மிட் போட்டு குதிக்க விட்டாங்க. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு செப்டம்பர்ல மூடிட்டாங்க. ஆளுங்க விதியை மதிக்கலைனு பார்க் ஆளுங்க சொல்வாங்க, அதையே சாக்கா வச்சு எங்களைத் துரத்திட்டாங்கனு ஜம்பருங்க சொல்வாங்க, 45 வருஷமா இதே சண்டை.

காத்தாடி
@ராக்கோழி கரெக்ட். எல் கேப்பிட்டன் எங்களுக்கு சும்மா ஒரு பாறை இல்லைங்க. 1966ல மைக்கேல் பெல்கி, பிரையன் ஷூபர்ட்னு ரெண்டு பேரு அந்தக் காலத்து உருண்டை பாராசூட்டை வச்சுக்கிட்டு அங்கருந்து குதிச்சாங்க, ரெண்டு பேருக்கும் எலும்பு முறிஞ்சுது. அப்புறம் 1978ல கார்ல் போனிஷ் கூட்டாளிங்க சதுர கேனபியோட குதிச்சு படம் பிடிச்சாங்க, பேஸ்ங்கற பேரே அந்த குரூப்புல இருந்து வந்ததுதான், பில்டிங், ஆன்டெனா, ஸ்பேன் (பாலம்), எர்த் (பாறை), இதோட முதல் எழுத்துங்க. கிட்டத்தட்ட 3,000 அடி செங்குத்துச் சுவர், கீழ சமமான புல்வெளி. உலகத்துலயே பாதுகாப்பான பாறைகள்ல அது ஒண்ணு, அங்கதான் குதிக்கக் கூடாது. எரிச்சல் வராம என்ன பண்ணும்.

அதுலயும் கிளேசியர் பாயிண்ட்ல கோடைல வீக்கெண்ட் காலைல ஹேங் கிளைடருக்கு (ஆள் தொங்கிட்டுப் பறக்கற பெரிய இறக்கை) அனுமதி உண்டு. அதே யோசெமிட்டி, அதே பள்ளத்தாக்கு. அவன் பறக்கலாம், நான் பறக்கக்கூடாது.

பொடிநடை
ஹேங் கிளைடர்காரன் காலைல ரேஞ்சர்கிட்ட வந்து பேர் சொல்லி, ரேட்டிங் கார்டு காட்டி, வரிசைல நின்னு பறக்கறான். நீங்க இருட்டுல வந்து இருட்டுல ஓடறீங்க. வித்தியாசம் தெரியலையா?

காத்தாடி
வரிசைல நிக்க நாங்க ரெடி, வரிசையே இல்லையேங்க!

சிலந்திவலை
நான் கிளைம்பர். ரெண்டு பக்கமும் தெரியும். எல் கேப் சுவர்ல பாதில தொங்கிட்டு காபி போட்டுட்டு இருக்கும்போது தலைக்கு மேல இருந்து ஒருத்தன் ஜெட் மாதிரி சத்தத்தோட கடந்து போனான், ஒரு நிமிஷம் பாறைதான் விழுதுன்னு நினைச்சு சுவரோட ஒட்டிக்கிட்டேன். கல்லு விழற சத்தத்துக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கீழ, நடுவுல ஆளுங்க இருக்காங்கங்கறதும் ஒரு விஷயம்.

மொட்டமாடி
சுவர்ல தொங்கிட்டு காபியா. நீங்கல்லாம் எந்த ஊர் மனுஷங்கய்யா.

பாதிவழிப்பயணி
எல்லாருக்கும் நன்றி. என் டிக்கெட்டை எடுத்துப் பாத்தேன். அதுல 2.17 இல்லை. 2.32(ஏ)(3)னு இருக்கு. இது என்னது?

கறுப்புக்கோட்டு
தம்பி… ரேஞ்சர்கிட்ட என்ன சொன்னே?

பாதிவழிப்பயணி
அது வந்து… ரேஞ்சர் என் கார் கண்ணாடிய தட்டினார். குதிச்ச ஆளு உன் கூட வந்தவனானு கேட்டார். எனக்கு கை காலெல்லாம் உதற ஆரம்பிச்சிடுச்சு. யாருன்னே தெரியாது சார், நான் சன்ரைஸ் ஃபோட்டோ எடுக்க வந்தேன்னு சொல்லிட்டேன். அதை முதல் போஸ்ட்ல எழுதலை, வெக்கமா இருந்துச்சு. அவர் எதுவும் பேசலை, அஞ்சு நிமிஷம் கழிச்சு என் ரூம்மேட்டை கூட்டிட்டு வந்து நிறுத்தினார். அவன் என்னடான்னா நேரா என் காரைக் காட்டி, "என் பர்ஸ் கிளவ் பாக்ஸ்ல இருக்கு, எடுத்துக்கட்டுமா"ங்கறான்.

மொட்டமாடி
ஐயோ ஐயோ. சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன் முடியலை.

கறுப்புக்கோட்டு
சரி. இப்பதான் விஷயமே புரியுது. 2.32(ஏ)(3) பொய்த் தகவல் குடுக்கறது. விசாரணை பண்ற அதிகாரிகிட்ட தெரிஞ்சே பொய் சொன்னா வர்றது. தண்டனை அதே அளவுதான், ஆறு மாசம், 5,000. ஆனா இதை லேசா எடுத்துக்காதே, ஏன்னா இதுக்கு பெரியண்ணன் ஒருத்தன் இருக்கான், தலைப்பு 18 செக்‌ஷன் 1001. ஃபெடரல் அதிகாரிகிட்ட முக்கியமான விஷயத்துல பொய் சொன்னா அஞ்சு வருஷம் வரைக்கும், அது ஃபெலனி, பெரிய குத்த வகை. சத்தியம் பண்ணிட்டு சொன்னாதான் பொய்னு இல்லை, கார் கண்ணாடி வழியா சொன்னாலும் பொய்தான். உன் விஷயத்துல ரேஞ்சர் சின்ன விதியைத்தான் போட்டிருக்கார், அவருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கோ.

இதுல வேடிக்கை என்னன்னா, நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்த டிக்கெட்டே கிடையாது. "வக்கீல் இல்லாம பேச விரும்பலை சார்"னு மரியாதையா சொல்ல உனக்கு உரிமை இருக்கு. பேசாம இருக்கறது வேற, பொய் பேசறது வேற. நம்ம ஆளுங்களுக்கு யூனிஃபார்மைப் பாத்ததும் ஏதாவது ஒரு கதை சொல்லி சமாளிச்சாகணும்னு தோணிடுது, அது எங்க ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் முன்னாடி நின்ன பழக்கம்னு நினைக்கறேன்.

இனிமே மூணு விஷயம். இங்க இதுக்கு மேல நடந்ததை எழுதாதே, முடிஞ்சா மேல எழுதினதையும் நினைச்சு வருத்தப்பட்டுட்டு விடு. ரூம்மேட்டோட சேர்ந்து ஒரே மாதிரி கதை தயார் பண்ணாதே, அது தனியா ஒரு தலைவலி. உனக்கும் அவனுக்கும் ஒரே வக்கீல் வேண்டாம், ஏன்னா உன்னைக் காப்பாத்த உன் வக்கீல் சொல்ற வார்த்தை அவனுக்கு எதிரா இருக்கலாம்.

பாதிவழிப்பயணி
வக்கீலுக்கு அவ்வளவு காசு இல்லைனா?

கறுப்புக்கோட்டு
ஃபெடரல் டிஃபெண்டர்னு ஒரு அமைப்பு இருக்கு. வசதி இல்லாதவங்களுக்கு கோர்ட் நியமிக்கலாம், வருமான விவரம் கேட்டு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க. சம்பளம் நல்லா இருந்தா கிடைக்காது. அந்த ஃபார்ம்லயும் பொய் எழுதாதே சாமி.

வெறுங்கால்
எச்1பி பத்தி யாருமே சொல்லலையே. நான் வக்கீல் இல்லை, ஆனா வேற ஒரு விஷயத்துல மாட்டி அடிபட்டவன். விசா ஸ்டாம்பிங்குக்கு டிஎஸ்-160 ஃபார்ம் நிரப்பறோம்ல, அதுல ஒரு கேள்வி, எந்தக் குத்தத்துக்காவது எப்பவாவது கைது ஆனியா, தண்டனை ஆனியானு. மன்னிப்பு வாங்கியிருந்தாலும் ஆமானுதான் சொல்லணும். பெட்டி அஃபென்ஸ், ஃபைன் மட்டும்தான், அதெல்லாம் கணக்கில்லை, தண்டனைன்னா தண்டனை. ஆமானு போட்டாலே விசா போயிடும்னு அர்த்தம் இல்லை, கேள்வி வரும், கோர்ட் பேப்பர் சர்ட்டிஃபைடு காப்பி கேப்பாங்க, லேட் ஆகும். ஆனா இல்லைனு போட்டு மாட்டினா அது வேற லெவல்.

உன் ரூம்மேட் கேஸை விட உன் கேஸ்தான் இமிக்ரேஷன் ஆளுங்க உத்துப் பாப்பாங்கனு எனக்குத் தோணுது. பாறைல இருந்து குதிச்சவனை கிறுக்கன்னு விட்டுடலாம். பொய் சொன்னான்ங்கறது பேப்பர்ல பாக்க நல்லா இருக்காது. இமிக்ரேஷன் வக்கீலையும் ஒரு மணி நேரம் காசு குடுத்துப் பாரு, கோர்ட்ல எதையாவது ஒத்துக்கறதுக்கு *முன்னாடி* பாரு. பின்னாடி பாத்து பிரயோஜனம் இல்லை.

கறுப்புக்கோட்டு
@வெறுங்கால் சொன்னதை அப்படியே ஆமோதிக்கறேன். எந்த விதிக்குக் கீழ ஒத்துக்கறோம்ங்கறதுதான் பேரமே. பிராசிக்யூட்டர் சில சமயம் 2.32ஐ எடுத்துட்டு வேற ஒண்ணை போட சம்மதிக்கலாம். அது உன் வக்கீல் பேச வேண்டியது.

பொடிநடை
எனக்கு இப்ப கொஞ்சம் பாவமாத்தான் இருக்கு. குதிச்சவன் ஜாலியா இருக்கான், கார் ஓட்டினவன் தூக்கமில்லாம இருக்கான்.

காத்தாடி
ஜாலியாலாம் இருக்க மாட்டான். ரிக் போயிருக்கு. கன்டெய்னர், கேனபி எல்லாம் சேத்து சில ஆயிரம் டாலர், அளவு குடுத்து ஆர்டர் போட்டு மாசக் கணக்கா காத்திருந்து வாங்கறது. கேஸ் முடியற வரைக்கும் எவிடென்ஸ் ரூம்ல கிடக்கும், ஈரத்தோட சுருட்டி வச்சிருந்தாங்கன்னா நினைக்கவே வயித்தைக் கலக்குது. பல பேருக்கு ப்ளீ டீல்லயே (குத்தத்தை ஒத்துக்கற பேரம்) ரிக்கை விட்டுக்கொடுக்கணும்னு கண்டிஷன் வரும்.

இந்த ரிக் பறிமுதல் சமாச்சாரம் ஒரு உயிரையே எடுத்திருக்கு. 1999 அக்டோபர் 22, எல் கேப்பிட்டன்ல ஒரு எதிர்ப்பு ஜம்ப் நடந்துச்சு. பார்க் ஆளுங்களுக்கு முன்கூட்டியே சொல்லி, இறங்கினதும் கைது பண்ணிக்கங்கனு ஒத்துக்கிட்டு, அஞ்சு பேர் குதிக்கறதா பிளான். ஜான் டேவிஸ்னு ஒரு அம்மா, நல்ல அனுபவசாலி. எப்படியும் ரிக்கைப் பிடுங்கிடுவாங்கனு தன்னோடதை விட்டுட்டு கடன் வாங்கின பழக்கமில்லாத ரிக்கோட போனாங்க. பாராசூட் திறக்கவே இல்லை. கீழ பத்திரிகைக்காரங்க, நண்பர்கள், புருஷன் கேமராவோட நின்னுட்டிருந்தார். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு இறங்கலை.

ராக்கோழி
அந்த எதிர்ப்பு எதுக்குங்கறதையும் சொல்லணும். அதே வருஷம் ஜூன்ல ஃப்ராங்க் கம்பாலினு ஒரு ஜம்பர் எல் கேப்ல இருந்து குதிச்சு அழகா தரையிறங்கினான். ஒரு கீறல் இல்லை. ரேஞ்சருங்க துரத்தினாங்க, தப்பிக்க மெர்சட் ஆத்துல குதிச்சான். ஜூன் மாசம்னா மேல பனி உருகி ஆறு பொங்கிட்டு ஓடற நேரம். நாலு வாரம் கழிச்சுதான் உடம்பு கிடைச்சுது.

3,000 அடில இருந்து விழுந்து சாகாதவன் ஆறு மாச ஜெயிலுக்கு பயந்து தண்ணில செத்தான்.

பொடிநடை
அப்ப துரத்தினது தப்புங்கறீங்களா, ஓடினது தப்புங்கறீங்களா?

ராக்கோழி
ரெண்டு பக்கமும் 26 வருஷமா அதைத்தான் கேட்டுட்டு இருக்காங்க. எனக்கு ஓடினதுதான். தப்பிச்சாலும் மிச்சமாகறது ஒரு டிக்கெட்தானே.

சிலந்திவலை
எனக்கு பேர் போன கிளைம்பர் டீன் பாட்டரைக் கொஞ்சம் தெரியும்னு சொல்ல ஆசை, ஆனா தூரத்துல இருந்து பாத்ததுதான். 2015 மே மாசம் யோசெமிட்டி டாஃப்ட் பாயிண்ட்ல இருந்து கிரஹாம் ஹண்ட்கூட விங்சூட்ல (கை காலுக்கு நடுவுல துணி இறக்கை வச்ச உடை) குதிச்சார், ரெண்டு பேரும் பாறை இடுக்கைத் தாண்ட முடியாம மோதி இறந்தாங்க. பொழுது சாயற நேரம். சட்டபூர்வமா இருந்திருந்தா நல்ல வெளிச்சத்துல, காத்து பாத்துக் குதிச்சிருப்பாங்கனு நிறைய பேர் சொல்வாங்க. இருக்கலாம். ஆனா அந்த இடுக்கைத் தேர்ந்தெடுத்தது சட்டம் இல்லையே. விங்சூட்ல ஒட்டிப் பறக்கறவங்க ஸ்விட்சர்லாந்துல, சட்டம் எதுவும் தடுக்காத லாட்டர்புரூனன்லயும்தான் சாகறாங்க. ரெண்டு வாதத்தையும் முழுசா விழுங்க முடியலை என்னால.

காத்தாடி
நியாயம். நார்வேலயும் ட்ரோல்வெகன் பாறைல 1986ல இருந்து தடை, ஆனா அதே நாட்டுல ஷெராக்ல தாராளமா குதிக்கலாம். அவங்க ஒவ்வொரு பாறையா பாத்து முடிவு பண்றாங்க. அமெரிக்கால நேஷனல் பார்க்னாலே நடைமுறைல அனேகமா கூடாதுதான்.

இதைப் படிக்கற புதுசுங்களுக்கு, அமெரிக்கால சட்டபூர்வமா குதிக்க இடமே இல்லைனு நினைச்சிடாதீங்க. ஐடஹோல ட்வின் ஃபால்ஸ்ல பெரைன் பாலம், 486 அடி, வருஷம் முழுக்க பெர்மிட்டே வேண்டாம். யூட்டால மோவாப்ல பிஎல்எம் (பார்க் சர்வீஸ் இல்லாத வேற அரசாங்க நில இலாகா) நிலத்துல டூம்ஸ்டோன் மாதிரி பாறைங்க இருக்கு. கொஞ்சம் தள்ளி ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ரெண்டும் நேஷனல் பார்க், அந்த எல்லைக்கோட்டைத் தாண்டினா கேஸ். அதே செம்மண்ணு, அதே காத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் விளையாட்டு, அந்தப் பக்கம் குத்தம். மேப் பாக்காம குதிக்காதீங்க. அப்புறம் வெஸ்ட் வர்ஜீனியால பிரிட்ஜ் டே, அக்டோபர் மூணாவது சனிக்கிழமை, நியூ ரிவர் கார்ஜ் பாலம், 876 அடி. சுத்தி நேஷனல் பார்க், ஆனா அந்த ஒரு நாள் பெர்மிட்டோட கூட்டமா குதிக்கறாங்க. 1966ல எல் கேப்ல முதல்ல குதிச்ச அதே ஷூபர்ட் 40 வருஷம் கழிச்சு 2006 பிரிட்ஜ் டேல குதிச்சு இறந்து போனார். சட்டபூர்வமானதாலேயே பாதுகாப்புனு நானும் சொல்ல மாட்டேன்.

முட்டுச்சந்து
2025 அக்டோபர்ல பட்ஜெட் பாஸ் ஆகாம அரசாங்கம் ஷட்டவுன் ஆனப்ப எல் கேப்ல பட்டப்பகல்ல குதிச்சாங்களே, வீடியோல்லாம் சுத்திச்சே, அவங்களை என்ன பண்ணாங்க? ரேஞ்சரே இல்லைனா யாரு டிக்கெட் குடுப்பா?

கறுப்புக்கோட்டு
ரேஞ்சர் இல்லைங்கறது முதல் தப்பு, ஷட்டவுன்லயும் சட்டம் ஒழுங்கு ரேஞ்சருங்க வேலைல இருப்பாங்க, சம்பளம்தான் தள்ளிப் போகும். ரெண்டாவது, இந்த மாதிரி குத்தத்துக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் கேஸ் போடலாம். இன்னிக்குப் போட்ட வீடியோவை நாலாவது வருஷம் ஒரு ஏஜெண்ட் உக்காந்து ஃப்ரேம் ஃப்ரேமா பாக்கலாம். முகம் தெரியலைனாலும் கேனபியோட கலர், ஹெல்மெட் ஸ்டிக்கர், பின்னாடி பேசற குரல்னு ஆயிரம் இருக்கு. லைக்குக்காக எவிடென்ஸை நாமே அப்லோட் பண்றோம்.

2.17 தவிர 2.34னு ஒண்ணும் கூடவே போடுவாங்க, ஒழுங்கீனம், ஆபத்தான நிலைமையை உண்டாக்கறது. எவனாவது அடிபட்டு ரெஸ்க்யூ ஆளுங்க போக வேண்டி வந்தா அது வலுவாகும். பொதுவா பார்க் சர்வீஸ் மீட்புக்கு பில் போடறதில்லை, ஆனா கேஸ் வந்துட்டா ஜட்ஜ் செலவைக் கட்டச் சொல்ல வழி இருக்கு.

முட்டுச்சந்து
அப்பீல் பண்ணலாமா?

கறுப்புக்கோட்டு
மாஜிஸ்ட்ரேட் தீர்ப்புக்கு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்கிட்ட 14 நாளுக்குள்ள. ஒரு நாள் தவறினாலும் கதவு மூடிடும்.

மொட்டமாடி
இந்த இழையைப் படிச்சு நான் மாடிப்படில இருந்து கூட குதிக்கறதா இல்லை.

பாதிவழிப்பயணி
எல்லாருக்கும் வணக்கம், அஞ்சு மாசம் ஆச்சு, நிறைய பேர் டிஎம்ல கேட்டீங்க, இப்ப எழுதலாம்னு என் வக்கீல் சொல்லிட்டாங்க.

ரூம்மேட் 2.17ஐ ஒத்துக்கிட்டான். ஃபைன் 1,800 டாலர், அதுக்கு மேல ஸ்பெஷல் அசெஸ்மெண்ட்னு 10 டாலர், ஒரு வருஷம் ப்ரொபேஷன், அது முடியற வரைக்கும் அந்தப் பார்க்குக்குள்ள கால் வைக்கக்கூடாது, ரிக் போனது போனதுதான். ஜெயில் இல்லை. அவன் 1,800ஐக் கூட முணுமுணுக்காம கட்டினான், அந்த 10 டாலருக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான்.

என் கதை நீளம். கறுப்புக்கோட்டு அண்ணே சொன்ன மாதிரி தனி வக்கீல், இமிக்ரேஷன் வக்கீல்கிட்டயும் முன்னாடியே போனேன், ரெண்டு பேரும் சேர்ந்து பேசினதுல 2.32ஐ எடுத்துட்டு, துணை போனதுக்கு 2.17ஐயே எனக்கும் போட சம்மதிச்சாங்க. அதாவது நான் பேப்பர்ல பாராசூட் குத்தவாளி. வாழ்க்கைல ஏணி மேல ஏறினாலே தலை சுத்தற ஆளு நான். ஃபைன் 500, ஆறு மாசம் ப்ரொபேஷன். வக்கீல் ஃபீஸ் அதை மாதிரி பல மடங்கு, சொல்ல விரும்பலை.

கோர்ட் ரூம் சினிமால வர்ற மாதிரி இல்லை, சின்ன ஹால். எங்களுக்கு முன்னாடி நாயைக் கட்டாம ட்ரெயில்ல கூட்டிட்டுப் போனவர், ஃபுட் ஸ்டோரேஜ் பெட்டி பூட்டாம கரடி வர வச்சவங்க, அப்புறம் நாங்க. ஜட்ஜ் என்னைப் பாத்து ஒரே கேள்விதான் கேட்டாங்க. ரேஞ்சர் கேட்டப்ப ஏன் அப்படி சொன்னேனு. பயந்துட்டேன்னு சொன்னேன். அது உண்மைனு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாங்க.

அடுத்த வருஷம் ஸ்டாம்பிங் போகணும். அந்தக் கேள்விக்கு ஆமானு போட்டு சர்ட்டிஃபைடு காப்பியோட போறேன்.

வெறுங்கால்
காப்பி மூணு செட் எடுத்து வச்சுக்கோ. ஒண்ணை கவுண்டர்ல வாங்கிக்கிட்டு திருப்பித் தர மாட்டாங்க.

கறுப்புக்கோட்டு
நல்லா முடிஞ்சுது தம்பி. ப்ரொபேஷன் முடியற தேதியை காலண்டர்ல குறிச்சு வை, அதுவரை ஸ்பீடிங் டிக்கெட் கூட வேண்டாம்.

காத்தாடி
ரூம்மேட்டை பிரிட்ஜ் டேக்கு கூப்பிட்டுட்டு வா, சட்டபூர்வமா குதிக்கட்டும். ரிக் நான் பாத்துத் தர்றேன், பழக்கப்படுத்திட்டுத்தான் குதிக்கணும்.

பாதிவழிப்பயணி
சொல்றேன். பிளைட்ல போகச் சொல்றேன், நான் ஓட்ட மாட்டேன்.

மொட்டமாடி
அதெல்லாம் இருக்கட்டும் தல, காரை ஒண்ணும் பண்ணலையே?

பாதிவழிப்பயணி
கார் நல்லா இருக்கு. பின் சீட்டுக்கு அடில அவனோட ஹெல்மெட் இன்னும் உருண்டுட்டு இருக்கு. அது அவனோட ஸ்பேர், ரேஞ்சர் கண்ணுல படலை. ஒவ்வொரு திருப்பத்துலயும் டொக்குனு ஒரு சத்தம் வருது.